சாய்ந்து ஓட்டும் சைக்கிள்: பள்ளுருத்திப் பாதைகளுக்கு 28 குறிப்புகள்

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி வழியாக இடக்கொச்சி வரை போய்ப் பாருங்கள். பாலங்களைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சைக்கிளுக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்கள் சாதாரண சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு, மணிக்கட்டு, கழுத்து என்று ஒவ்வொன்றாக வலிக்கத் தொடங்கும். முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பன்ட் சைக்கிள் இவர்களுக்குத் தோதானது. உடம்பின் பாரம் முதுகு, இடுப்பு, தொடை எங்கும் பரவுகிறது. கைகளில் பாரமே விழுவதில்லை.

ஆனால் இதில் வகைகள் பல, விலையும் அதிகம். நம் ஊர்க் கடைகளில் வரிசையாக நிறுத்தி வைத்து ஓட்டிப் பார்த்து வாங்கும் வசதியும் அரிது. அதனால் வண்டியின் படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் பாதை, உடம்பு, வீடு மூன்றையும் கணக்கில் எடுங்கள்.

எந்த வண்டி, எந்தப் பாதைக்கு?

1. முதலில் ஒரு தாளில், வாரம் முழுக்க நீங்கள் போகும் இடங்களை எழுதுங்கள். மீன் வாங்க, கோயிலுக்கு, பேரனைப் பள்ளியில் விட, மாலையில் ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்கு என்று எதுவானாலும் சரி. அடுத்து ஒவ்வொரு வழியிலும் எத்தனை முறை நின்று கிளம்ப வேண்டியிருக்கிறது என்று குறியுங்கள். அடிக்கடி நிற்கும் பாதைக்கு ஒரு வண்டி, நிற்காமல் போகும் பாதைக்கு வேறு வண்டி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்ற விளம்பரத்துக்குப் பெரிதாக மதிப்பளிக்க வேண்டாம். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாபம் தெரியாது. 25ஐத் தாண்டினால்தான் தெரியத் தொடங்கும்.

2. நீள வண்டி. முன்சக்கரம் பெடலுக்கும் முன்னால் இருக்கும். மொத்த நீளம் 2 மீட்டரைத் தாண்டும். குலுக்கல் குறைவு, நேராக ஓடும், பிரேக் போட்டாலும் பதறாது. கும்பளங்கி தாண்டி கண்டக்கடவு, செல்லானம் என்று நிதானமாகப் போய் வருபவர்களுக்கு இது சுகம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி மூட்டை இறக்கும் லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே வளைத்துத் திருப்ப இது உதவாது.

3. குட்டை வண்டி. பெடல் முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் ஏறக்குறைய சாதாரண சைக்கிள் அளவுதான். சட்டென்று திரும்பும், பாலத்திலும் நன்றாக ஏறும். ஒரு குறை உண்டு: குறுகிய திருப்பத்தில் மிதித்துக்கொண்டே திருப்பினால் குதிகால் முன்சக்கரத்தில் இடிக்கக்கூடும். வாங்குமுன் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, பெடலைக் கையால் சுற்றி, உங்கள் செருப்பு சக்கரத்தில் படுகிறதா என்று பாருங்கள்.

4. நடுத்தர வண்டி. சீட்டு நாற்காலி உயரம், பெடல் தாழ்வு, முதுகு ஓரளவுக்கு நிமிர்ந்தே இருக்கும். நின்றால் இரண்டு காலும் தரையில் படும். புதிதாகப் பழகுபவர்களுக்கும், சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவர்களுக்கும் ஏற்றது. வேகம் எதிர்பார்க்க வேண்டாம். நிமிர்ந்து உட்காருவதால் பாரம் பிட்டத்திலேயே தங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மரத்துப்போகும்.

5. உயர வண்டி, தாழ்வு வண்டி. இரண்டு பெரிய சக்கரங்களோடு, சீட்டு 55 முதல் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது உயர வண்டி. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகத் தோதானது. கால் நீளம் குறைந்தவர்களுக்கு நிற்கும்போது தரை எட்டாது. சீட்டு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர்கூட இல்லாத தாழ்வு வண்டி பந்தயத் திடலுக்கு உரியது. பள்ளுருத்தியில் தனியார் பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. விட்டுவிடுங்கள்.

6. முன்னால் இரண்டு சக்கரம். மூன்று சக்கர வண்டியில் இதுதான் அதிகம் விற்கும் வகை. நின்றாலும் விழாது, எத்தனை மெதுவாகவும் ஏறலாம், திருப்பத்தில் உறுதியாக நிற்கும். பிரிட்டனைச் சேர்ந்த மரியா லைஜர்ஸ்டாம் 2013 டிசம்பர் 27 அன்று தென் துருவத்தை அடைந்தது இந்த வகை வண்டியில்தான். பனியிலும் எதிர்க்காற்றிலும் நடைவேகத்தில் ஓட்டினாலும் கவிழாது என்பதுதான் காரணம். சீட்டு தாழ்வாக இருப்பது இதன் குறை. முழங்கால் வலிக்காரருக்கு உட்காருவதைவிட எழுவது கடினம். சீட்டு 40 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மாதிரிகளும் வருகின்றன. கேட்டு வாங்குங்கள்.

7. பின்னால் இரண்டு சக்கரம். நம் சைக்கிள் ரிக்‌ஷா அமைப்பு. சீட்டு உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொண்டாலே போதும். வயதானவர்கள், பெண்கள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள் ஏறி இறங்க இதுவே எளிது. பின்னால் கூடை வைக்க இடம் தாராளம். ஆனால் வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பல மாதிரிகளில் ஒரு பின்சக்கரத்துக்கு மட்டுமே செயின் இழுவை இருக்கும். கடற்கரை மணலில் அந்தச் சக்கரம் மட்டும் சுற்றி, வண்டி நின்றுவிடும்.

8. இரண்டு சக்கர வண்டி குழியை ஒரே தடத்தில் ஒதுக்கிவிடும். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். ஒன்று தப்பினால் இன்னொன்று விழும். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய ரோடுதான் உங்கள் அன்றாடப் பாதை என்றால், ஸ்பிரிங் உள்ள மாதிரியோ, 2 அங்குல அகல டயர் போடக்கூடிய மாதிரியோ பாருங்கள். அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே பாதிக் குலுக்கல் போய்விடும். வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். வேகத்தடையிலும், ஃபோர்ட் கொச்சி–வைப்பின் ரோ-ரோ படகின் சாய்தளத்திலும் தட்டுவது அந்த இடம்தான்.

9. வீட்டு வாசலை அளக்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று சக்கர வண்டியின் அகலம் பெரும்பாலும் 75 முதல் 85 சென்டிமீட்டர் இருக்கும். கேட்டின் ஒற்றைக் கதவு, திண்ணைக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள சந்து, மாடிப்படி எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் ரயிலில் சைக்கிள் ஏற்ற அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் 2 மீட்டர் வண்டி நிலையத்து லிப்டில் நுழைய வேண்டுமே! ரயிலோ காரோ அடிக்கடி தேவை என்றால் மடக்கும் மாதிரிதான் வழி.

உடம்புக்கு ஏற்றபடி

10. சீட்டு இரண்டு விதம். வலைத்துணியை இழுத்துக் கட்டியது ஒன்று. கெட்டியான ஓட்டின் மேல் பஞ்சு ஒட்டியது மற்றொன்று. கொச்சிப் புழுக்கத்துக்கு வலைதான் சரி. முதுகில் வேர்வை தேங்காது, மழை பெய்தாலும் தண்ணீர் ஒழுகிவிடும். ஓடு சீட்டு எடை குறைவு, மிதிக்கும் பலம் வீணாகாது. ஆனால் அதன் வளைவு உங்கள் முதுகின் வளைவோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எத்தனை பஞ்சு வைத்தாலும் வலி தீராது. இரண்டிலும் குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

11. சாய்வு அதிகமானால் சுகமும் அதிகம் என்று எண்ண வேண்டாம். தரையிலிருந்து 25, 30 பாகை மட்டும் உயர்ந்த சீட்டில் வேகம் கிடைக்கும். பாதையைப் பார்க்கத் தலையைத் தூக்கியே வைத்திருப்பதால் கழுத்து வலிக்கும். அதற்குத் தலையணை வைத்தால், குழியில் இறங்கும்போது பின்மண்டையில் தட்டும். 60 பாகைக்கு நிமிர்த்தினால் பிட்டம் மரக்கும். ஊருக்குள் ஓட்ட 45 பாகையை ஒட்டித் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். சாய்வை மாற்ற முடியாத சீட்டை முதல் வண்டியாக வாங்காதீர்கள்.

12. பெடல் சீட்டைவிட உயரமாக இருந்தால், நீண்ட நேரம் ஓட்டும்போது சிலருக்குக் கால்விரல் மரக்கும், உள்ளங்கால் எரியும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாத உணர்ச்சி குறைந்தவர்கள் உயரப் பெடலைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் செருப்பின் வாரைத் தளர்த்துங்கள். பாதத்தின் முன்பகுதியால் அல்லாமல் நடுப்பகுதியால் மிதித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

13. இந்த வண்டிக்கு உங்கள் உயரத்தைவிடக் கால் அளவே முக்கியம். தரையில் உட்கார்ந்து பிட்டத்தையும் முதுகையும் சுவரில் ஒட்டி, காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அளக்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் சொல்ல வேண்டிய எண் அதுதான். பெடல் கடைசி எல்லையில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். மிகக் கிட்டே இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிகத் தள்ளி இருந்தால் பின்பக்கம் இழுக்கும்.

14. வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஓட்டுவதாக இருந்தால் சீட்டு முன்னும் பின்னும் நகரும் மாதிரியை எடுங்கள். பல வண்டிகளில் சீட்டு நகராது. பெடல் தாங்கும் குழாயைத்தான் நீட்டிச் சுருக்க வேண்டும்; அப்போது செயின் நீளத்தையும் மாற்ற வேண்டிவரும். ஆள் மாறும்போதெல்லாம் அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இராது.

15. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பெடல் மாட்டும் கிராங்கைக் குட்டையாகக் கேளுங்கள். வழக்கமான 170 மில்லிமீட்டருக்குப் பதில் 150 அல்லது 155 போட்டால் முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. இன்னொன்று: இந்த வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இருக்கிறது என்ற தைரியத்தில் கனமான கியரில் ஓங்கி அழுத்தினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள்.

16. மூன்று சக்கரம் வாங்குவோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது: ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னேறுவதால் கால் சட்டத்தின் கீழே இழுபட்டு முறியலாம். வெறும் ரப்பர் பெடலும் ஹவாய்ச் செருப்பும் இதற்கு ஆகாது. குதிகாலைத் தாங்கும் வார் பெடலோ, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடலோ போடுங்கள். வண்டி நகரும்போது காலை ஊன்றி நிறுத்தும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

17. ஹேண்டில் சிலவற்றில் நெஞ்சுக்கு நேரே இருக்கும். சிலவற்றில் சீட்டுக்கு அடியில், தொடையின் இரு பக்கமும் இருக்கும். மணிக்கட்டு, தோள் வலி உள்ளவர்களுக்கு அடி ஹேண்டில் சுகம். கை தொங்கியபடி இருக்கும். நெருக்கடியான சந்தில் மேல் ஹேண்டில் வசதி. நீண்ட கம்பியோடு வரும் மேல் ஹேண்டில், திருப்பும்போது பக்கவாட்டில் ஆடும். பழகச் சில நாட்கள் ஆகும்.

18. முதுகெலும்புத் தட்டுப் பிரச்சினை, அறுவை சிகிச்சை, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்ட பிறகே வாங்குங்கள். பல பிசியோதெரபி நிலையங்களிலும் ஜிம்களிலும் சாய்ந்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருக்கிறது. ஒரு மாதம் அதில் மிதித்துப் பார்ப்பது நல்ல ஒத்திகை. கால்கள் இயங்காதவர்களுக்குக் கையால் சுற்றும் வண்டிகள் உண்டு. கான்பூரில் 1972இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ கைமிதி மூன்று சக்கர வண்டிகளைத் தயாரிக்கிறது; தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஏடிஐபி திட்டத்தில் கிடைக்கும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையோடு சேர்ந்து ஓட்ட, முன்னால் இருப்பவர் சாய்ந்தும் பின்னால் இருப்பவர் நிமிர்ந்தும் மிதிக்கும் ஜெர்மனியின் ஹாஸே பினோ போன்ற இருவர் வண்டி ஏற்றது.

19. உடை விஷயத்தில் கூச்சப்படாமல் யோசியுங்கள். கால் முன்னே உயர்ந்து நிற்கும் வண்டியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினால், எதிரே வருபவர்தான் வெட்கப்பட வேண்டும். பேன்ட், ட்ராக் பேன்ட், சுடிதார் சரி. சேலைதான் என்றால் பெடல் தாழ்ந்த, பின்னால் இரண்டு சக்கர வண்டியாக இருக்க வேண்டும். செயினுக்கு முழு மூடி போட வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும். முகம் வானத்தைப் பார்ப்பதால் வெயில் நேரே அடிக்கும். விளிம்புள்ள ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி இரண்டும் தேவை.

ரோட்டில்

20. இரண்டு சக்கர ரிகம்பன்ட், சைக்கிள் தெரிந்தவர்களையும் முதல் நாள் தடுமாற வைக்கும். பள்ளுருத்தி வெளி போன்ற திறந்த மைதானத்தில் காலையில் பழகுங்கள். மார்கழியில் புலவாணிபம் சந்தை கூடும் நாட்களில் அங்கே இடம் கிடைக்காது. பள்ளி மைதானத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் சிறு இறக்கத்தில், காலைத் தூக்கிக்கொண்டு உருள மட்டும் விடுங்கள். பிறகு ஒரு பெடலை மேலே நிறுத்தி, ஓங்கி ஒரு மிதி. தோளைச் சீட்டில் சாய்த்து, ஹேண்டிலை விரலால் தொடுவதுபோல லேசாகப் பிடியுங்கள். இறுகப் பிடித்தால்தான் ஆடும்.

21. வெல்லிங்டன் தீவுக்குப் போகும் பாலமோ கும்பளங்கிப் பாலமோ, எழுந்து நின்று மிதிக்க முடியாதவருக்கு மலைதான். அதனால் லேசான கியர் எவ்வளவு லேசு என்று கேளுங்கள். 20 அங்குலப் பின்சக்கரம், முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 1.4 மீட்டர் நகரும். எந்தப் பாலமும் ஏறலாம். அதே பற்களோடு 26 அங்குலச் சக்கரம் என்றால் 1.8 மீட்டர், கால் சற்று உழைக்க வேண்டும். நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு மாறிக்கொள்ளுங்கள். நின்ற பிறகு மாற்ற முடியாது; பலர் பாலத்து நடுவில் திணறுவது இதனால்தான்.

22. மூச்சு வாங்குபவர்கள் மோட்டார் பொருத்தலாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் லைசென்சும் வேண்டாம். அதற்கு மேல் பலமான மோட்டாரைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் மறுத்துவிடுங்கள்.

23. உங்கள் தலை கார் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் உயரத்துக்காவது ஒரு கம்பு நட்டு, பளிச்சென்ற ஆரஞ்சுக் கொடி கட்டுங்கள். அசையும் கொடி கண்ணில் படும். பகலிலும் பின்விளக்கு எரியட்டும். சாய்ந்திருப்பதால் திரும்பிப் பார்ப்பது கஷ்டம். இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். நிற்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னால், ஒட்டிப்போய் நிற்காதீர்கள். உயரத்தில் இருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் தெரியாது.

24. ஜூனில் மழை தொடங்கினால் தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது. சக்கரம் வாரி இறைக்கும் சேறு, தாழ்ந்த சீட்டில் நேரே முகத்துக்கு வரும். எல்லாச் சக்கரத்துக்கும் மட்கார்டு போடுங்கள். வேலியேற்ற நாட்களில் பெரும்படப்பு, இடக்கொச்சி, கும்பளங்கி ஓரங்களில் காயல் நீர் ரோட்டுக்கு ஏறும். அது உப்புநீர். அதில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நீர் சக்கர அச்சைத் தொட்டிருந்தால் பேரிங்கைப் பிரித்து கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். எஃகுச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை குழாய்க்குள் எண்ணெய் விட வேண்டும். அலுமினியச் சட்டத்துக்கு அந்தத் துரு இல்லை. ஆனால் அதில் முறுக்கிய இரும்பு போல்ட் உப்புக் காற்றில் இறுகிக்கொள்ளும். கிரீஸ் தடவி முறுக்குங்கள்.

வாங்கும்போது

25. டயர் உள்ளூரில் கிடைக்குமா என்று பாருங்கள். 20 அங்குலம் என்று இரண்டு டயரிலும் எழுதியிருந்தாலும் அவை ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் 406 என்றிருந்தால் பிள்ளைகளின் பிஎம்எக்ஸ் சைக்கிள் டயரே பொருந்தும். எந்தச் சைக்கிள் கடையிலும் வாங்கலாம். 451 என்றிருந்தால் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பெரிய சக்கரத்தில் 559 என்பது பழைய 26 அங்குல மலைச் சைக்கிள் அளவு, 622 என்பது 700சி. இரண்டும் கிடைக்கும். செயின் விஷயமும் கேளுங்கள்: மூன்று சக்கர வண்டிக்கு வழக்கமான செயின் இரண்டு, மூன்றை இணைக்க வேண்டியிருக்கும். அதைத் தாங்கும் உருளை தேய்ந்தால் மாற்று கிடைக்குமா என்பதும் முக்கியம்.

26. வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கலாம் என்ற எண்ணம் வரும். எஸ்ஏஇ இந்தியா நடத்தும் எஃபிசைக்கிள் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் இருவர் அமரும் மூன்று சக்கர வண்டிகளைத் தாங்களே கட்டுகிறார்கள். ஆக, முடியாத காரியமில்லை. முன்சக்கரங்களின் நேர்கோடுதான் சிக்கல். ஒரு எளிய சோதனை: அச்சு உயரத்தில் டேப் பிடித்து, இரண்டு முன் ரிம்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளங்கள். இரண்டும் சமமாகவோ, முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் டயர் சில வாரத்தில் தேய்ந்துவிடும், மிதிப்பதும் கனக்கும். இரண்டு முன்பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்கிறதா, நிறுத்தும் பிரேக் உண்டா என்பதையும் பாருங்கள்.

27. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வண்டி விலை, கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி நான்கையும் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சுமை அதில் இல்லை, தீர்வையிலும் கூலியிலும்தான். போட்டியில் ஓட்டும் ஆசை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1933 ஜூலை 7 அன்று பிரான்சில் ஃபிரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். மறுவருடமே உலக சைக்கிள் சம்மேளனம் அந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. இன்றும் வழக்கமான பந்தயத்தில் அதற்கு இடமில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ப்ரெவே ஓட்டங்களில் தடையில்லை. வேகத்தைவிட உடம்பு தாங்குவது முக்கியமான அந்த ஓட்டத்துக்கு இந்தச் சீட்டு நன்றாகவே உதவும்.

28. கடைசியாக, யாருக்கு எது? ஊருக்குள் சாமான் வாங்க, முழங்கால் வலியோடு ஏறி இறங்க: பின்னால் இரண்டு சக்கரம். சமநிலை போதாது, ஆனால் செல்லானம் வரை போய் வர ஆசை: சீட்டு உயர்ந்த, முன்னால் இரண்டு சக்கரம். சிக்னல் நெரிசலில் அலுவலகம் போக: நடுத்தர வண்டி. ஆலப்புழை வரை கடற்கரைச் சாலையில் நிதானமாக: நீள வண்டி. பாலமும் வேகமும் ப்ரெவேயும்: குட்டை வண்டி அல்லது உயர வண்டி. இரண்டுக்கு நடுவே மனம் ஊசலாடினால் ஏறி இறங்க எளிதானதை எடுங்கள். ஏறுவதற்கே யோசிக்க வைக்கும் வண்டி எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், இரண்டு மாதத்தில் துணி காயப்போடத்தான் பயன்படும்.